வடக்குச் சுவரில் மாட்டிய படம்

நகராட்சியில் ஒரே ஒரு தச்சர்தான் இருந்தார். அவரை எல்லோரும் 'ஆப்பு' என்று கூப்பிட்டார்கள். ஆடுகிற மேசை, சாத்த முடியாத கதவு, ஒரு பக்கம் சாய்ந்த அலமாரி, எதைக் காட்டினாலும் முதலில் சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன மர ஆப்பை எடுத்துச் செருகிப் பார்ப்பார். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். "ஆப்பு வைக்கிறதுல நம்ம கவுன்சிலருங்களுக்கு அடுத்தபடி இவருதான்" என்று குடிநீர்ப் பிரிவு ஃபிட்டர் ஒருநாள் சொல்லப்போக, அந்தப் பெயர் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது.

அவர் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்குக் கோபம் வருகிற இடங்களே வேறு. அவர் உளியை யாராவது தொட்டால் வரும். அவர் நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தால் வரும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வேடிக்கைக்கு மனைவி கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால், அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தாலும் இல்லை என்பார்.

அவர் மனைவி மருத்துவமனையின் துணி அறையில் வேலை பார்த்தாள். கிழிந்த படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் தைத்து அடுக்குவது அவள் பொறுப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சமையலறை ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். வீட்டுச் செருப்பில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்தப் பாதத்தை மற்றப் பாதத்தின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு ரேடியோ கேட்பாள். வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் உட்காருவாள். ஒரே மகள், மருந்துக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளும் அம்மாவைப் போலவே உட்கார ஆரம்பித்திருந்தாள்.

கடைத்தெரு முனையில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப்பல் அவர் கையால் போனதுதான். அவருக்குப் படப் பைத்தியம். ஓவியங்களாக வாங்கி மாடி முழுக்க மாட்டி வைத்திருந்தார். வெளியூர் ஓவியர்கள் வருவார்கள், வாரக்கணக்கில் தங்குவார்கள், வரைவார்கள், போவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தச்சரின் மனைவி அங்கேதான் உதவியாளராக இருந்தாள். வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது, கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, பயந்து கத்துகிற பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வது. இது தச்சருக்குத் தெரிந்த விஷயம்தான். கல்யாணப் பேச்சே, "பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குற பொண்ணு" என்றுதான் தொடங்கியது.

டாக்டர் வயதாகிப் போய்ச் சேர்ந்தார். உயிலில் படங்கள் அத்தனையையும் நகராட்சிக்கு எழுதி வைத்திருந்தார். பொதுமக்கள் கட்டணம் இல்லாமல் பார்க்க வேண்டும், விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

நகராட்சிக் கூட்டத்தில் விஷயம் வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் சிமென்ட் வியாபாரி. படம் என்றால் அவருக்கு மூட்டையின் மேல் போட்டிருக்கிற படம்தான் தெரியும்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க" என்று அவர் இழுத்தார்.

"அதுவும் பல் டாக்டர் குடுத்த மாட்டை!" என்றார் ஒரு கவுன்சிலர். கூட்டம் சிரித்தது.

"குப்பை லாரி டயர் இல்லாம நிக்குது. இங்க படம் பாக்கப் போறோமாக்கும்" என்றார் இன்னொருவர்.

ஆணையர் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வேணாம்னா உயில் வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாங்கி வச்சாச்சு. இனிமே அதுக்கு ஒண்ணு ஆனா பதில் சொல்ல வேண்டியது நாமதான்" என்றார்.

பிறப்பு இறப்புப் பதிவு அறைக்கு மேலே ஒரு நீளமான கூடத்தில் உடைந்த நாற்காலிகளும் பழைய வாக்குப்பெட்டிகளும் குவிந்து கிடந்தன. அதைக் காலி செய்து படங்களை மாட்டுவது என்று முடிவாயிற்று. "கீழ பொறப்பு எறப்பு. நடுவுல உள்ளதெல்லாம் மேல போயிப் பாத்துக்க வேண்டியதுதான்" என்று ஃபிட்டர் சொல்லிச் சிரித்தார். மாட்டுகிற வேலை தச்சருக்கு வந்தது. ஒத்தாசைக்கு ஃபிட்டர்.

முதல் இரண்டு நாள் தச்சருக்கு அது வெறும் வேலைதான். ஆறு, குதிரை, பானை, கிழவர் முகம். அளந்தார், துளை போட்டார், மாட்டினார். மட்டப்பலகை வைத்துப் பார்த்து, ஆடுகிற சட்டத்துக்கு ஆப்பு வைத்தார். மூன்றாம் நாள், பழைய போர்வையில் சுற்றியிருந்த ஒரு சின்னப் படத்தைப் பிரித்தார்.

ஜன்னல் திட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உதவியாளரின் வெள்ளைக் கோட்டு ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது. வெளியே மழை. அவள் மழையைப் பார்க்கவில்லை. தன்னைப் பார்க்கிறவனை நேராகப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் உதட்டுக்கு வரவில்லை, வந்துகொண்டிருந்தது. ஒரு செருப்பு தரையில் கிடந்தது. அந்தப் பாதம் மற்றப் பாதத்தின் மேல் ஏறியிருந்தது.

முகத்தைப் பார்த்ததும்கூடத் தச்சருக்குச் சந்தேகம்தான் வந்தது. பாதத்தைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஃபிட்டர், "அடேயப்பா! என்னா பார்வை! எதிர்ல நின்னு வரைஞ்சான் பாருங்க, அவன் குடுத்து வச்சவன்யா" என்றார்.

தச்சர் போர்வையை இழுத்துப் படத்தை மூடினார். "டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். டீக்கடையில் டீ வந்தது, ஆறியது, ஆடை படிந்தது. அவர் குடிக்கவில்லை.

மாட்டித்தான் ஆக வேண்டும். எண்ணிக்கை ஆணையரிடம் இருந்தது. நல்ல வெளிச்சம் விழுகிற கிழக்குச் சுவரில் இடம் இருந்தது. தச்சர் அங்கே மாட்டவில்லை. கூடத்தின் கடைசியில், தூணுக்குப் பின்னால், வடக்குச் சுவரில் மாட்டினார். அந்தச் சுவருக்கு வெளியேதான் மேல்நிலைத் தொட்டியின் குழாய் இறங்கியது. மழை பெய்தால் அந்தச் சுவர் மனிதர்களைப் போல வியர்க்கும். வாக்குப்பெட்டிகள் துருப்பிடித்துப் போனது அந்தச் சுவரை ஒட்டி வைத்ததால்தான். அது அவருக்குத் தெரியாததல்ல. சின்னப் படம், சின்ன இடம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ பாடியது.

"டாக்டர் படமெல்லாம் வந்திருச்சாமே? துணி அறையில பேசிக்கிட்டாங்க" என்றாள் அவளாகவே.

"வந்திருச்சு."

"எல்லாம் நல்லா இருக்கா?"

"ஒண்ணும் பிரமாதமில்ல. குதிரை, பானை."

அவள் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்காமல் இருந்ததுதான் தச்சரின் வயிற்றில் கொள்ளியைச் செருகியது. 'ஒரு பொண்ணு படம் இருக்குமேன்னு ஏன் கேக்கல? மறைக்கிறா.' கேட்டிருந்தால், 'ஞாபகம் வச்சிருக்கா பாரு' என்று நினைத்திருப்பார். இரண்டு பக்கமும் கூரான கத்தி அது.

ஆணையர் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டப் பெயர்ச்சீட்டுகள் அடித்து வைத்திருந்தார். ஒட்டும்போது தச்சர் எதுவும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"இந்த ஜன்னலோரப் படம்... வரைஞ்சவரு இப்ப எங்க இருக்காராம்மா?"

"இறந்து ரொம்ப வருஷம் ஆச்சாம். டாக்டர் மாடியில ஒரு மழைக்காலம் முழுக்க தங்கி வரைஞ்ச படமாம். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான்."

உயிருடன் இருந்தால் நேரில் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம், இல்லை தூரத்தில் நின்று பார்த்து 'இவனா' என்று காறித் துப்பிவிட்டு வரலாம். செத்தவனை என்ன செய்ய? அவனுக்கு வயதாகாது, தலை நரைக்காது, அவன் பல்லும் விழாது. ஒரு மழைக்காலம் முழுக்க எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு படம் வரைய ஒரு மழைக்காலமா? ஒரு கதவுக்கே அவருக்கு மூன்று நாள்தானே ஆகும்?

தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மேலே போனார். ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்வார். தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவள் பார்வைக்கு நேராக நிற்பார், பிறகு ஓரடி தள்ளி நிற்பார். எங்கே நின்றாலும் அந்தப் பார்வை தன்னைத் தாண்டிப் போவது போலத்தான் இருந்தது. வரி வசூல் பிரிவு ஆட்கள் சாப்பாட்டு இடைவேளையில் படம் பார்க்க வந்தால், தூணில் சாய்ந்து வழியை மறித்துக்கொள்வார். "இங்க ஒண்ணுமில்ல, பானைப் படமெல்லாம் அந்தப் பக்கம்" என்பார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"இப்படி இந்த ஜன்னல் மேல ஏறி உக்காரு."

"எதுக்கு?"

"உக்காரேன்."

"ஜன்னல் கம்பி உறுத்தும். வேற வேலை இல்லையா உங்களுக்கு? மாவு அப்படியே கிடக்கு."

"ஒரு நிமிஷம்தான். என்னைப் பாரு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பார்த்தாள். புருஷனுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்படுகிற ஒரு மனைவி பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். அந்த வந்துகொண்டிருக்கிற சிரிப்பு வரவில்லை. அவர் முகம் சுருங்கிப்போய், "சரி, எறங்கு" என்றார்.

"காய்ச்சலா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் கையைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. மகள் இருவருக்கும் நடுவில், "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க", "அம்மா, அப்பாவுக்குப் பசிக்கலையாம்" என்று தபால்காரி வேலை பார்த்தாள்.

கூடத்தைத் திறப்பதற்குப் பெரிய மனிதர் ஒருவர் தேதி கொடுப்பார் என்று நகராட்சி காத்துக்கொண்டே இருந்தது. தேதி வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. அந்த வருடம் விடாத மழை. வடக்குச் சுவர் வியர்த்தது. ஒருநாள் தச்சர் போய்ப் பார்த்தபோது, சட்டத்தின் கீழ் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஏறியிருந்தது. விரலால் தொட்டார். ஈரம். படத்தை எடுத்து எதிர்ச் சுவரில் சாய்த்து வைக்க அரை நிமிடம் ஆகாது.

எடுக்கவில்லை.

அடுத்த நாள் போனார். கோடு கரும்புள்ளிகளாகி இருந்தது. 'நாளைக்கு எடுத்துடலாம்' என்று நினைத்தார். மறுநாளும் அதையே நினைத்தார். புள்ளிகள் தரையில் கிடந்த செருப்பில் ஏறின. பிறகு பாதத்தில். தூணுக்குப் பின்னால் வேறு யாரும் போகவில்லை. போகவிடாமல் அவர்தான் பழக்கியிருந்தாரே. பூஞ்சணம் பாதத்தைத் தின்றுகொண்டு மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தச்சருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அவன் வரைந்தது அழிகிறது. யாரும் கை வைக்கவில்லை, மழைதான் அழிக்கிறது. அந்தக் குளிர்ச்சி தனக்குப் பிடித்திருப்பது தெரிந்தபோது பயமாக இருந்தது. கீழே இறங்கி வந்து பிறப்பு இறப்புப் பதிவு அறையின் கதவு சரியாக மூடுகிறதா என்று திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

பெரிய மனிதர் வரவேயில்லை. கடைசியில் ஆணையரே கூடத்தைத் திறந்துவிட்டார். ஊர்க்காரர்கள் திரளாக வந்தார்கள். தங்கள் பல்லைப் பிடுங்கிய டாக்டர் அப்படி எதைத்தான் சேர்த்து வைத்திருந்தார் என்று பார்க்கிற ஆசை எல்லோருக்கும் இருந்தது. தச்சர் வீட்டில் சொல்லவில்லை. ஆனாலும் மகள் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வாசலில் அவர்களைப் பார்த்ததும் தச்சர் சற்றுத் தள்ளி அவர்களைத் தொடர்ந்தார். மனைவி ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டு நிதானமாக நடந்தாள். ஒன்றைத் தேடுகிறவள் நடை அது. கிழக்குச் சுவர் முடிந்தது. தெற்கு முடிந்தது. முகம் வாடிக்கொண்டே வந்தது. மகள்தான் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா! இங்க வாயேன். இது நீதானே?"

அவள் போய் நின்றாள். கையை நீட்டி, படத்தைத் தொடாமல், பாதம் இருந்த இடத்துக்கு நேராகக் காற்றில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் இப்போது கருப்பாக ஒரு மொத்தை இருந்தது. பூஞ்சணம் முழங்காலைத் தொட்டுவிட்டது.

"யாரு இத இங்க மாட்டினது?"

தச்சர் பின்னாலேயே நின்றிருந்தார். "நான்தான்."

"இந்தச் சுவரு ஈரம் இழுக்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

பொய் சொல்ல வாய் திறந்தார். வரவில்லை. "தெரியும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். மகளிடம், "நீ போயி குதிரைப் படத்தைப் பாரு" என்றாள். மகள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"இதுக்காகத்தான் ஜன்னல்ல ஏறி உக்காரச் சொன்னீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேராக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பே?"

"ஆமான்னு சொல்லியிருப்பேன். வேலை முடிஞ்சதும் உக்காரச் சொல்லுவாரு, உக்காருவேன். அதிகம் பேச மாட்டாரு. பாத்துக்கிட்டே இருப்பாரு. எனக்குப் புடிச்சிருந்துச்சு. அவரைப் புடிச்சிருந்துச்சான்னு கேட்டா எனக்கே தெரியாது. அவரு பாக்கறது புடிச்சிருந்துச்சு. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிப் பாத்ததில்ல. மழை நின்னுச்சு, அவரு போயிட்டாரு. அவ்வளவுதான் கதை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிரிச்சதுக்கே உப்பில்லைன்னு தட்டைத் தள்ளுற மனுஷன் நீங்க. உங்ககிட்டயா?" அவள் மூச்சை இழுத்து விட்டாள். "அந்த வயசுல என்னைப் படம் புடிக்க எங்க வீட்ல யாருக்கு வசதி இருந்துச்சு? நான் எப்படி இருந்தேன்னு நான் பாக்கிறதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு. டாக்டர் பத்திரமா வச்சிருக்காருன்னு நெனச்சேன். அப்புறம் நகராட்சி வச்சிருக்கும்னு நெனச்சேன். என் வீட்டு ஆளே இப்படி..."

மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தச்சர் அந்த நிமிடமே படத்தைக் கழற்றினார். செத்தவனைப் பழிவாங்குவதாக நினைத்துக்கொண்டு யாருடைய பாதத்தில் பூஞ்சணத்தை ஏறவிட்டோம் என்பது, கையில் அந்தச் சட்டத்தின் ஈரம் பட்டபோதுதான் உறைத்தது. உறைத்தாலும் பொறாமை போகவில்லை. 'புடிச்சிருந்துச்சு' என்கிற சொல் காதுக்குள் பட்டாணி போல உருண்டுகொண்டே இருந்தது.

மனைவி வீட்டில் அவரோடு பேசவில்லை. மறுநாள் துணி அறையில் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக ஆணையர் அறைக்குப் போனாள். "அந்த ஜன்னலோரப் படத்துல இருக்கிறது நான்தாம்மா. பூஞ்சணம் புடிச்சிருக்கு. சரி பண்ணிக் குடுங்க" என்றாள். ஆணையர் அவளையும், தச்சர் கொண்டுவந்து அங்கே சாய்த்து வைத்திருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

தலைநகரத்து அருங்காட்சியகத்திலிருந்து பழைய படங்களைச் செப்பனிடுகிற பெண் ஒருத்தி வந்தாள். வயது அதிகமில்லை, வாய் அதிகம். படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததும் கொதித்துவிட்டாள்.

"இத அந்தச் சுவத்துல மாட்டினவன் கையை ஒடிக்கணும்!"

"நான்தாங்க மாட்டினேன்" என்றார் தச்சர், கருவிப்பெட்டியுடன் பக்கத்தில் நின்றுகொண்டு.

"அப்ப அந்தக் கையால இதைப் புடிங்க" என்று விளக்கை நீட்டினாள்.

அவள் வேலை முடிகிறவரை தச்சர் விளக்குப் பிடித்தார். மெல்லிய பஞ்சுக் குச்சியால் அவள் புள்ளி புள்ளியாகத் துடைத்தாள். அவசரப்பட்டு அவர் ஒருநாள், "ஈரத்துணியால ஒரு இழு இழுத்தாப் போயிடாதா?" என்று கேட்டதற்கு, படத்தோடு சேர்ந்து போய்விடும் என்று திட்டினாள். படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விட வேண்டும், வெயில் நேராக விழக் கூடாது, சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் கேட்டுக்கொண்டார். முழங்கால் திரும்பக் கிடைத்தது. செருப்பும் கிடைத்தது. பாதத்தில் மட்டும் விரல்கள் மங்கலாகவே நின்றுவிட்டன. "இதுக்கு மேல தொட்டா என் பாதம் ஆயிடும், அவங்க பாதமா இருக்காது" என்று அவள் நிறுத்திக்கொண்டாள்.

தச்சர் கூடத்திலிருந்த எல்லாப் படங்களையும் இறக்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் கட்டைகள் வைத்து, சுவரிலிருந்து தள்ளி மாட்டினார். வடக்குச் சுவரைக் காலியாக விட்டார். ஜன்னலோரப் பெண் கிழக்குச் சுவரில் வெயில் நேராகப் படாத இடத்துக்குப் போனாள். மனைவியை அழைத்துக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "வெரலு போச்சு" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

கதை இதோடு நின்றிருக்கலாம். ஆனால் படத்தைச் செப்பனிட்ட பெண் தலைநகரத்துக்குத் திரும்பிப் போய் அதைப் பற்றிச் சொல்லியிருந்தாள். அருங்காட்சியகத்திலிருந்து நகராட்சிக்குக் கேட்டு எழுதினார்கள்: அந்த ஒரு படத்தை மட்டும் தலைநகரத்தில் வைத்துக் காட்டலாமா? பதிலுக்கு இந்தக் கூடத்துச் சுவர்களின் ஈரத்தை நிரந்தரமாகச் சரிசெய்து தருகிறோம்.

கூட்டத்தில் தலைவருக்கு வாயெல்லாம் பல். "குடுத்துடலாம். சுவருக்குச் சுவரும் ஆச்சு, ஊருக்குப் பேரும் ஆச்சு."

"பிரிக்கக் கூடாதுன்னு உயில்ல இருக்கு" என்றார் ஆணையர். "ஒரு வருஷம் இரவலாக் குடுத்துத் திரும்ப வாங்கலாம். அதுக்கு மேல முடியாது. அதுவும் வேணுமான்னு யோசிக்கணும்."

பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தச்சர் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"குடுக்கக் கூடாதுங்க."

"ஏன்?" என்றார் தலைவர்.

"அங்க யார் யாரோ வருவாங்க. நின்னு பாப்பாங்க."

"படம்னா பாக்கத்தானேய்யா?"

"அது என் வீட்டுக்காரிங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஃபிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குத் தான் சொன்னது நினைவுக்கு வந்து முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப நீங்க அனுப்ப மாட்டீங்க, அப்படித்தானே?" என்றார்.

'ஆமாம்' என்றுதான் சொல்ல நினைத்தார். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. காற்றில் நீண்டு நின்ற ஒரு கை கண்ணில் வந்தது.

"நான் யாருங்க அனுப்ப, நிறுத்த? அவளக் கேளுங்க."

மறுநாள் ஆணையர் அவளை அழைத்துவரச் சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று தச்சர் நம்பிக்கொண்டிருந்தார். அவள் யோசிக்கவேயில்லை.

"போகட்டும்மா. நான்தான் இந்த ஊரைத் தாண்டினதில்ல. அந்தப் பொண்ணாவது போயிட்டு வரட்டும்."

தச்சருக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடுதான் படத்துக்குப் பெட்டி செய்தார். கடையில் கிடைக்கிற பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மிக நல்ல பலகையாகப் பார்த்து இழைத்து, மூலைகளில் மெத்தை வைத்து, தண்ணீர் புகாத துணியால் உள்பக்கம் போர்த்தினார். "பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புற மாதிரி அனுப்புறீங்களே" என்று மகள் கேலி செய்தாள். "வாயை மூடு" என்றார்.

படம் போன பிறகு கிழக்குச் சுவரில் சதுரமாக ஒரு வெற்றிடம் இருந்தது. தச்சர் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். வீட்டில் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து ரேடியோ கேட்கும்போது, அவர் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பார். சில நாட்கள் கழித்து அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

குளிர்காலத்தில் இரண்டு பேரும் ரயிலேறித் தலைநகரம் போனார்கள். அவள்தான் போகலாம் என்றாள். அருங்காட்சியகம் பெரிதாக, பளபளவென்று இருந்தது. படத்துக்கு மேலே தனியாக ஒரு விளக்கு எரிந்தது. முன்னால் ஐந்தாறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் துண்டு சுற்றிய இளைஞன் ஒருவன் மற்றவர்கள் போன பிறகும் நின்றான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். பின்னால் நகர்ந்து பார்த்தான். திரும்பவும் கிட்டே வந்தான்.

தச்சர் அவன் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"எவ்வளவு நேரமாத் தம்பி பாப்பீங்க?"

"ஏன் சார்? நல்லா இருக்கே."

"நல்லாத்தான் இருக்கும்." அவர் பின்னால் கையைக் காட்டினார். "இவங்கதான் அது."

இளைஞன் திரும்பிப் பார்த்தான். துணி அறை வேலையில் கண் சுருங்கிப்போன, நரைத்த, பருத்த அம்மா ஒருத்தி, ரயிலில் வந்த உடையில், கையில் தண்ணீர் பாட்டிலுடன் நின்றிருந்தாள். அவன் மறுபடி படத்தைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். மரியாதையாகத் தலையசைத்துவிட்டு விலகிப் போனான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை.

"மானத்தை வாங்காதீங்க" என்று அவள் அவர் கையில் கிள்ளினாள். ஆனால் கோபமில்லை. சிரிப்பு வந்துகொண்டிருந்தது. தச்சர் அதைப் பார்த்தார். பார்த்தவருக்கு உடனே, இது தனக்காக வருகிறதா, அந்த இளைஞன் பார்த்ததற்காக வருகிறதா என்கிற கேள்வியும் எழுந்துவிட்டது. அந்த ஆளை மாற்ற யாராலும் முடியாது.

அவள் மற்ற அறைகளையும் பார்க்க வேண்டும் என்றாள். "நீ போயிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அவள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துக் களைத்துத் திரும்பி வந்தபோது, அவர் அதே இடத்தில், காவலாளிக்குப் பக்கத்தில் இன்னொரு காவலாளி போல நின்று, படத்தின் அருகே வருகிற ஆண்களை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருடம் முடிந்து படம் அதே பெட்டியில் திரும்பி வந்தது. சுவர்களையும் சொன்னபடி சரிசெய்து கொடுத்திருந்தார்கள். தலைவர்கள் மாறினார்கள், அந்த ஆணையரும் மாற்றலாகிப் போனார். பிறகு வந்த ஒருவர் கூடத்தைக் கிடங்காக்கப் பார்த்தபோது, எதிர்த்துக் கையெழுத்து வாங்க வீடு வீடாக அலைந்தவர்களில் ஓய்வு பெற்றுவிட்ட தச்சரும் ஒருவர். அவரோடு கூடவே மனைவியும் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஏதோ ஒரு வேடிக்கையும் சொன்னார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தச்சர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நேரமாச்சு, அடுத்த வீட்டுக்குப் போகலாம்" என்றார்.